வீடு வந்த ஆர்க்கிட்

ஊதாவும் வெள்ளையுமாக, நீண்ட காம்புகளில் வரிசை வரிசையாகப் பூத்திருக்கும் ஆர்க்கிட் மலர்களை நேயர்கள் பூக்கடைகளிலும் மணமேடைகளிலும் கண்டிருப்பீர்கள். பறித்துப் பல நாள் ஆன பின்னரும் அவை எளிதில் வாடுவதில்லை. சிலர் தம் வீட்டு மாடிப்படி ஓரத்திலும் தாழ்வாரத்திலும் ஒன்றிரண்டு தொட்டிகளில் அச்செடியை வளர்த்தும் வருகின்றனர். கரித்துண்டும் ஓட்டாஞ்சில்லும் நிரப்பிய தொட்டியில், ஒரு பிடி மண்ணும் இன்றி, வேர்களெல்லாம் வெளியே நீண்டு தொங்க, ஒரு செடி தளிர்த்துப் பூப்பதைக் கண்டு வியவாதார் இலர். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர் ஐரோப்பாவில் இத்தகைய செடி ஒன்றை வைத்திருக்க ஒருவர் பிரபுவாகவோ பெருவணிகராகவோ இருந்திருத்தல் வேண்டும். அதற்கும் முன்னரோ, பிரபுவின் தோட்டத்திலேயே அது ஓரிரண்டு ஆண்டுகளில் மாண்டு போயிற்று. அச்செடியைச் சாகாமற் காக்கும் வகையை ஐரோப்பியர் கற்றுக்கொள்ள ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு பிடித்தது. அதன் விதையை முளைக்கவைக்கும் வகையைக் கற்றுக்கொள்ள மேலும் எழுபது ஆண்டுகள் ஆயின. அந்த இடைக்காலத்தில் அழிந்த காடுகள் பல. அவ்வரலாற்றையே இங்குக் கூற முற்படுகின்றேன்.

ஆர்க்கிட் என்பது ஒரு செடியின் பெயரன்று; ஒரு பெருங்குடும்பத்தின் பெயர். இதுவரை அறியப்பட்டவை மட்டும் 25,000 இனங்களுக்கு மேற்பட்டவை. பனி மூடிய தென்துருவக் கண்டம் நீங்கலாக, ஏனைய கண்டங்கள் யாவற்றிலும் இக்குடும்பத்தார் குடியிருக்கின்றனர். பெயர் கிரேக்க மொழியிலிருந்து வந்தது. நிலத்தில் வளரும் சில இனங்களின் இரட்டைக் கிழங்கின் வடிவைக் கொண்டு பண்டைக் கிரேக்கர் இட்ட பெயர் அது; அதன் நேர்ப்பொருளை வகுப்பறையில் விளக்க நேரும்போது தாவரவியல் ஆசிரியர்கள் சட்டென்று அடுத்த பாடத்திற்குச் சென்றுவிடுவது வழக்கம். குளிர்நாட்டு ஆர்க்கிடுகள் பெரும்பாலும் நிலத்தில் வேரூன்றுபவை. வெப்ப நாடுகளில் உள்ளவற்றுள் பெரும்பகுதி மரக்கிளைகளின்மேல் வாழ்வன. நம் ஊர் மாமரங்களிலும் வேறு முதிய மரங்களிலும் தடித்த நீண்ட இலைகளோடு தொற்றிக்கொண்டிருக்கும் வாண்டா அத்தகையது. 'வந்தா' என்னும் வடசொல்லே தாவரவியலில் 'வாண்டா' ஆயிற்று. மரத்தின்மேல் வாழும் செடிகளைக் குறித்த அச்சொல், புல்லுருவியையும் இதனையும் பிரித்துக் காட்டுவதில்லை.

பிரித்துக் காண்பது இன்றியமையாதது. புல்லுருவி தன் வேரை மரத்தின் உள்ளே செலுத்திச் சாற்றை உறிஞ்சுவது. ஆர்க்கிட் மரத்திடமிருந்து ஒரு துளியும் பெறுவதில்லை. கிளை அதற்கு நிற்க ஓர் இடம், அவ்வளவே. மழைநீரையும், பட்டையின் பிளவுகளில் சேரும் தூசி, மக்கிய இலை ஆகியவற்றில் கரைந்து வரும் உப்புக்களையும் கொண்டே அது வாழ்கின்றது. அதன் வேரைச் சுற்றிக் கடற்பஞ்சு போன்றதொரு போர்வை உண்டு, வெலாமன் என்பர். காய்ந்திருக்கையில் காற்று நிறைந்து வெள்ளி நிறமாக இருக்கும் அப்போர்வை, நீர் பட்ட சில நொடிகளில் அதனை உறிஞ்சிக்கொண்டு, உள்ளிருக்கும் பச்சையம் தெரியப் பசுமையாக மாறும். மழை நின்றதும் காற்றில் விரைவில் உலர்ந்துவிடும். நனைதலும் உலர்தலும் மாறி மாறி வருவதே அவ்வேரின் வாழ்க்கை. ஓயாமல் நனைந்திருக்கும் வேர் மூச்சு முட்டி அழுகும். இவ்வொரு செய்தியை அறியாமையால் எத்தனை ஆயிரம் செடிகள் மாண்டன என்பதை நினைக்கும்போது மனம் வருந்துகின்றது.

ஆர்க்கிடை வீட்டில் வளர்த்த முதல் மக்கள் சீனர் எனலாம். தங்கள் மலைகளில் விளையும் சிம்பிடியம் இனங்களைத் தொட்டியில் வைத்து, புலவர்தம் எழுதுமேசை அருகே நிறுத்தினர். பூ சிறியது, நிறமும் பகட்டானதன்று, நறுமணமும் இலையின் வளைவுமே அவர்களுக்கு இன்பம் அளித்தன. 1233ஆம் ஆண்டிலேயே சாவ் ஷிகெங் என்பார் ஆர்க்கிட் வளர்ப்பைப் பற்றித் தனி நூல் ஒன்று எழுதியுள்ளார். சப்பானியரும் பிற்காலத்தில் தம் நாட்டுச் சிற்றினம் ஒன்றைப் பொன்போற் போற்றி வளர்த்தனர். இவ்விரு நாட்டாரும் பெரிதும் இடர்ப்படவில்லை. காரணம் எளிது: அவர்கள் வளர்த்தது அவர்களுடைய மலைச்செடியை, அவர்களுடைய காற்றிலேயே. அயல்நாட்டுச் செடியைக் கொணர்ந்து தம் அறையில் அடைத்தவர்களுக்கே தொல்லை நேர்ந்தது.

1730களில் பகாமாத் தீவிலிருந்து காய்ந்த நிலையில் இங்கிலாந்துக்கு வந்த ஓர் ஆர்க்கிட் கிழங்கு அங்கே நடப்பட்டுப் பூத்தது. அதன் பின்னர் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்தும் பிற குடியேற்ற நாடுகளிலிருந்தும் செடிகள் ஒவ்வொன்றாக வரலாயின. ஆயினும் இவ்வார்வம் பெருநெருப்பாக மூண்டது 1818இல். பிரேசிலின் பெர்னம்புகோப் பகுதியிலிருந்து வில்லியம் சுவைன்சன் அனுப்பிய செடிகளுள் சில, இலண்டனை அடுத்த பார்னெட்டில் வாழ்ந்த வில்லியம் காட்லி என்னும் வணிகரிடம் சேர்ந்தன. அவர் தம் வெப்பமனையில் வளர்த்த ஒன்று அவ்வாண்டின் இறுதியில் மலர்ந்தது. அத்துணைப் பெரிய, ஊதா நிற இதழ் விரிந்த ஆர்க்கிடை இங்கிலாந்து அதுவரை கண்டதில்லை. தாவரவியல் அறிஞர் ஜான் லிண்ட்லி அதற்குக் காட்லியா என்று அவ்வணிகரின் பெயரையே சூட்டினார். வேறு செடிகளைக் கட்டி அனுப்பும் பொதியில் வைக்கோல்போல் சுற்றப்பட்டு வந்ததே இச்செடி என்று ஒரு கதை வழங்குகிறது. கதை சுவையானதுதான்; ஆனால் சுவைன்சன் தாவரங்களையும் உயிரினங்களையும் தேடித் தொகுத்த அறிஞர். தாம் அனுப்புவது இன்னதென்று அறியாமல் அவர் அனுப்பினார் என்பதை நான் நம்புவதற்கில்லை. இதனினும் வியப்பான செய்தி ஒன்று உண்டு. அச்செடி காட்டில் எவ்விடத்தில் விளைகிறது என்பது தோட்டக்கலையாருக்குத் தெரியாமற் போயிற்று. இரியோ நகரைச் சூழ்ந்த மலைகளில் தேடியவர் வெறுங்கையுடன் திரும்பினர். ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் கழித்தே அது பெர்னம்புகோவில் மீண்டும் கண்டெடுக்கப்பட்டது.

வந்த செடிகளை வைத்தற்கு அமைத்த கட்டடத்தை ஆங்கிலேயர் 'அடுப்பு' என்றே அழைத்தனர். பெயருக்கேற்ப அது அடுப்பாகவே இருந்தது. சுவரினூடே புகைக்குழாய் ஓடும். தரையில் தோல்பதனிடும் பட்டைத்தூள் புளித்துச் சூடேறும். கண்ணாடிச் சாளரங்கள் இறுக மூடியிருக்கும். உள்ளே நுழைந்தால் ஆவியில் மூச்சுத் திணறும். ஆர்க்கிட் வெப்பநாட்டுச் செடி, வெப்பநாடு என்றால் எப்பொழுதும் புழுக்கம், ஆகவே செடிக்கும் புழுக்கமே உகந்தது என்று அவர்கள் முடிவு கட்டினர். தருக்கத்தில் குறையில்லை, முதற்கூற்றிலேதான் பிழை. கடற்கரைத் துறைமுகத்தின் வெக்கையைக் கண்டு சென்ற மாலுமியின் சொல்லைக் கொண்டு ஒரு கண்டத்தையே மதிப்பிட்டனர். மெக்சிகோவிலும் ஆண்டிசு மலைகளிலும், ஆறாயிரம் எட்டாயிரம் அடி உயரத்தில், பனிமூட்டமும் குளிர்காற்றும் வீசுமிடத்தில் வளர்ந்த செடிகள் அவ்வடுப்பில் அடைக்கப்பட்டன. கோத்தகிரியில் பிறந்து வளர்ந்த ஒருவரைக் கோடையில் வேலூரில் சாளரமில்லாத அறையில் பூட்டிவைத்தால் எப்படியோ அப்படி. இங்கிலாந்து ஆர்க்கிடுகளின் கல்லறை என்று அந்நாட்டவரே சொல்லும் நிலை வந்தது.

இருள் மெல்ல விலகியது. அதனை விலக்கியவர் பெரிதும் அறிஞர் அல்லர், தோட்டக்காரர். 1830களில் வென்ட்வொர்த்தில் பிட்சுவில்லியம் பிரபுவின் தோட்டத்தைப் பார்த்துவந்த ஜோசப் கூப்பர், சூட்டைக் குறைத்து, தூய காற்றை உள்ளே விட்டு, அங்கிருந்த ஆர்க்கிடுகளைச் செழிக்கச் செய்தார். சாட்சுவொர்த்தில் டெவன்ஷயர் கோமகனின் தலைமைத் தோட்டக்காரரான ஜோசப் பாக்ஸ்டன் இன்னும் ஒருபடி மேலே சென்றார். பிறந்த இடத்தின் தட்பவெப்பத்தை ஒட்டி இனங்களைப் பிரித்து, வெவ்வேறு சூட்டில் வைத்தார், காற்றோட்டம் அளித்தார், தரையில் நீர் தெளித்து ஈரத்தைக் காற்றில் நிறுத்தினார். கோமகனோ 1833இல் ஒரு கண்காட்சியில் பட்டாம்பூச்சி போன்ற ஆர்க்கிட் ஒன்றைக் கண்டு மயங்கியவர். 1835இல் ஜான் கிப்சன் என்னும் இளம் தோட்டக்காரரை இந்தியாவுக்கே அனுப்பி, காசி மலைகளிலிருந்து ஏராளமான ஆர்க்கிடுகளைக் கொணர்வித்தார்.

செடிகள் கடற்பயணத்தில் மடிவதும் இதே காலத்தில் குறைந்தது. கிழக்கு இலண்டனில் மருத்துவத் தொழில் நடத்திய நதானியேல் வார்டு என்பார், 1829இல் மூடிய கண்ணாடிக் குப்பி ஒன்றில் கூட்டுப்புழுவை வைத்திருந்தார். உள்ளிருந்த ஈர மண்ணில் தானாகவே ஒரு பெரணி முளைத்திருப்பதைக் கண்டார். நகரத்தின் புகையால் அவர் தோட்டத்துப் பெரணிகள் எல்லாம் வாட, குப்பிக்குள் இருந்தது மட்டும் தழைத்தது. ஆவியாகும் நீர் கண்ணாடியில் படிந்து மீண்டும் மண்ணுக்கே வடிவதை அவர் உணர்ந்தார். 1833இல் அத்தகைய கண்ணாடிப் பெட்டிகளில் வைத்து ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பிய செடிகள் பல மாதக் கடற்பயணத்தின் பின்னரும் உயிரோடு சேர்ந்தன. உப்புக்காற்றும் நன்னீர்ப் பஞ்சமும் அதற்குமேல் பெருந்தடை ஆகவில்லை. அப்பெட்டியே பின்னர் நகர வீடுகளின் கூடங்களிலும் இடம்பெற்றது. 1845இல் பிரிட்டனில் கண்ணாடி வரி நீக்கப்பட்டதும் சிறு கண்ணாடிமனை நடுத்தர வகுப்பாருக்கும் எட்டியது. 1850களின் தொடக்கத்தில் பி. எஸ். வில்லியம்ஸ் என்னும் தோட்டக்காரர், கோடிக்கணக்கானோருக்கான ஆர்க்கிட் என்னும் பொருள்படும் தலைப்பில் இதழொன்றில் எளிய குறிப்புகள் எழுதினார். கோடி என்பது மிகை. ஆயினும் பிரபுவின் மதிலைத் தாண்டிச் செடி வெளியே வந்துவிட்டது என்பதற்கு அத்தலைப்பே சான்று.

இனிச் சொல்லப்போவது இன்பமான பகுதியன்று. வளர்க்கக் கற்றுக்கொண்டார்களே ஒழிய, பெருக்கக் கற்றுக்கொள்ளவில்லை. ஆகவே விரும்புவோர் பெருகப் பெருகக் காட்டில் பறிப்பும் பெருகியது. நம் நாட்டுச் சான்றே ஒன்று தருகின்றேன். காசி மலைகளில் நீலநிற வாண்டா ஒன்று விளைகின்றது. 1837இல் வில்லியம் கிரிபித் அதனைக் கண்டார். 1850இல் ஜோசப் ஹூக்கரும் தாமஸ் தாம்சனும் அங்குச் சென்றபோது, கியூ தோட்டத்திற்கென ஏழு ஆள் சுமை அளவுக்கு அச்செடியைப் பறித்தனர். வழியில் நேர்ந்த இடையூறுகளால் அவற்றுள் மிகச் சிலவே உயிரோடு இங்கிலாந்து சேர்ந்தன. செடி இருக்கும் இடத்தைத் தெரிந்துகொள்ளத் தம் தோட்டக்காரரை அவர்களுடன் அனுப்பிய ஒருவர் அனுப்பிய ஒரே ஒரு சுமை, நலிந்த நிலையில் போய்ச் சேர்ந்தும், 300 பவுனுக்கு விலைபோயிற்று. இவற்றை எழுதிவைத்தவர் ஹூக்கரே. அவர் கொடியவர் அல்லர், சிறந்த அறிஞர். ஏழு சுமையும் ஒரு குற்றமாக அக்காலத்தில் யாருக்கும் தோன்றவில்லை என்பதே நாம் கருத வேண்டுவது.

வணிகர் கையில் இது மேலும் பெருகியது. செயின்ட் ஆல்பன்ஸ் நகரில் பிரெடரிக் சாண்டர் நடத்திய நாற்றங்கால், உலகின் பல மூலைகளுக்கும் ஆட்களை அனுப்பிச் செடிகளைத் தருவித்தது. இலண்டன் ஏல மண்டபங்களில் பெட்டி பெட்டியாக ஆர்க்கிடுகள் விலைகூறப்பட்டன. ஆல்பர்ட் மில்லிகன் என்னும் சேகரிப்பாளர் 1891இல் வெளியிட்ட தம் பயண நூலில், கொலம்பியாவில் இரண்டு மாதத்தில் பதினாயிரம் ஒடோன்டோகிளாசம் செடிகளைப் பெறுவதற்காக ஏறத்தாழ நாலாயிரம் மரங்களை வெட்டியதைக் குறித்துள்ளார். மரத்தின்மேல் ஏறுவதற்குப் பதில் மரத்தையே சாய்ப்பது அவர்களுக்கு எளிதாக இருந்தது. இரண்டரைச் செடிக்கு ஒரு மரம்! அச்செடிகளுள் பலவும் கப்பலிலேயே அழுகின என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

தமிழகத்திற்கு அணித்தான கதை ஒன்றும் இதில் உண்டு. அகத்தியமலைத் தொடரில், களக்காட்டை ஒட்டிய உயர்ந்த புல்வெளிச் சரிவுகளில், மஞ்சள் இதழில் பழுப்புக் கோடு ஓடும் காலணி வடிவ ஆர்க்கிட் ஒன்றை 1865இல் கர்னல் ஹெபர் டுரூரி கண்டார். சென்னை மாகாண வன அதிகாரி பெட்டோம் அதனை விவரித்து, டுரூரியின் பெயரையே இட்டார். உலகில் வேறெங்கும் அது இயற்கையாக விளைவதாகத் தெரியவில்லை. செய்தி பரவியதும் பறிப்போர் வந்தனர். பின்னர் நெடுங்காலம் அது கண்ணிற்படாமல், அழிந்தே போயிற்று என்று கருதப்பட்டு, இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மீண்டும் காணப்பட்டது. கண்டுபிடித்த செய்தியே மீண்டும் பறிப்போரை அழைத்து வந்தது. திருவனந்தபுரத்தை அடுத்த பாலோட்டில் உள்ள தாவரவியல் தோட்டத்து ஆய்வாளர்கள் அதன் விதையிலிருந்து சோதனைக்கூடத்தில் கன்றுகளை உண்டாக்கி, மலைக்கே திருப்பி அனுப்ப முயன்றுள்ளனர்.

பறித்தவர்களையே பேசிக்கொண்டிருப்பதும் முறையன்று, வரைந்தவர்களும் இருந்தனர். கோயம்புத்தூரில் பருத்திப் பயிர் ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்த மருத்துவர் இராபர்ட் வைட், 1838 முதல் 1853 வரை தென்னிந்தியத் தாவரங்களின் படங்களை ஆறு தொகுதிகளாகச் சென்னையில் வெளியிட்டார். படங்கள் ஈராயிரத்துக்கு மேற்பட்டவை. நீலகிரி ஆர்க்கிடுகள் பல அவற்றுள் இடம்பெற்றன. அவற்றை வரைந்து தந்தவர் இரங்கையா, கோவிந்து என்னும் நம் நாட்டு ஓவியர் இருவர். செடியைப் பிடுங்கி ஏலம் விட்டவர்களின் பெயர்கள் ஆர்க்கிடுகளுக்குச் சூட்டப்பட்ட அந்நாளில், வைட் ஓர் ஆர்க்கிட் பேரினத்திற்குத் தம் ஓவியரின் பெயரை வைத்துக் 'கோவிந்தூயியா' என்றார். பிற்கால வகைப்பாட்டில் அது வேறொரு பேரினத்தோடு இணைக்கப்பட்டு, பெயர் வழக்கொழிந்தது. எனினும் நூலில் அச்சிட்டது அச்சிட்டதே.

இனி விதைக்கு வருவோம். ஆர்க்கிடின் ஒரு காயில் விதைகள் ஆயிரக்கணக்கில், சிலவற்றில் இலட்சக்கணக்கிலும் உள்ளன. ஊதினால் பறக்கும் தூள் அது. ஐரோப்பாவின் எளிய நிலவாழ் ஆர்க்கிட் ஒன்றின் காயில் 6,200 விதைகள் இருப்பதைச் சார்லஸ் டார்வின் கணக்கிட்டார். ஒரு செடியின் விதைகள் யாவும் பிழைத்துப் பெருகுமாயின், அதன் கொள்ளுப்பேரர்கள் நிலவுலகம் முழுவதையும் பசும்போர்வையாக மூடிவிடுவர் என்றும் கணித்தார். மூடவில்லை என்பது கண்கூடு. தென்னைக்குத் தேங்காய்போல், அவரைக்குப் பருப்புப்போல், பிற தாவரங்களின் தாய் தன் குழந்தைக்குக் கட்டுச்சோறு கொடுத்தனுப்புகிறாள். ஆர்க்கிட் விதையிலோ கட்டுச்சோறு என்று சொல்லத்தக்கது ஏதுமில்லை. மண்ணில் தூவினால் ஈரத்தில் சற்றுப் பருத்து, பசித்து, மாய்ந்துவிடும்.

1850களில் எக்சிட்டர் நகரத்து வீச் நாற்றங்காலில் பணியாற்றிய ஜான் டோமினி, ஜான் ஹாரிஸ் என்னும் அறுவை மருத்துவரின் யோசனையைக் கேட்டு, இரு கலாந்தி இனங்களை ஒன்றோடொன்று மகரந்தம் சேர்த்தார். 1856இல் பூத்த அக்கலப்புச் செடியே மனிதன் உண்டாக்கிப் பூக்கச் செய்த முதல் ஆர்க்கிட். அதன் பெற்றோர் இனங்கள் இரண்டும் நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் உள்ளவை என்பது குறிப்பிடத்தக்கது. ஆனால் விதை முளைத்தது எவ்வாறு என்று டோமினிக்கும் தெரியாது. தாய்ச்செடியின் தொட்டியிலேயே விதையைத் தூவினால் சிலபோது சில முளைக்கும். ஏன் அங்கு மட்டும் முளைக்கின்றன? அரை நூற்றாண்டு இக்கேள்வி விடையின்றிக் கிடந்தது.

விடை கண்டவர் நோயல் பெர்னார்டு என்னும் பிரெஞ்சு இளைஞர். 1899இல், கட்டாயப் படைச்சேவையில் இருந்த நாளில், போந்தேன்புளோக் காட்டில் மக்கிய இலைகளின் அடியில் முளைத்துக்கொண்டிருந்த ஆர்க்கிட் விதைகள் சிலவற்றைக் கண்டார். எல்லா முளைகளுக்குள்ளும் ஒரு பூஞ்சணத்தின் இழைகள் ஊடுருவியிருந்தன. அப்பூஞ்சணமே விதைக்கு ஊட்டும் செவிலி என்று அவர் உணர்ந்தார். பின்னர் அதனைத் தனியே பிரித்து வளர்த்து, விதையோடு சேர்த்து முளைக்கவைத்தும் காட்டினார். தாய்ச்செடியின் தொட்டியில் மட்டும் விதை முளைத்தது ஏன் என்பது அன்று விளங்கியது. அங்கே செவிலி முன்னமே குடியிருந்தாள். பெர்னார்டு 1911இல், முப்பத்தாறாம் வயதில் இறந்தார். அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்து லூயிஸ் நட்சன் அடுத்த வினாவை எழுப்பினார்: செவிலி ஊட்டுவது எதனை? சர்க்கரையையே எனில், சர்க்கரையை நாமே ஊட்டிவிடலாமே! கடற்பாசிக் கூழில் சர்க்கரையும் சில உப்புக்களும் கலந்து, நுண்ணுயிர் நீக்கிய குடுவையில் விதையைத் தூவினார். பூஞ்சணம் இன்றியே முளைத்தது. 1922இல் அவர் இதனை வெளியிட்டார். 1960இல் பிரான்சின் ஜார்ஜ் மொரேல், சிம்பிடியத்தின் குருத்து நுனியை நுண்ணளவு கிள்ளிக் குடுவையில் வளர்த்து, ஒரு செடியிலிருந்து அதனையே ஒத்த எண்ணற்ற செடிகளைப் பெறும் வழிக்கு அடிகோலினார். நம் தெருமுனைப் பூக்கடைக்கு ஆர்க்கிட் வந்தது இக்குடுவைகளின் வழியாகவே. நாலாயிரம் மரங்கள் ஆற்றிய வேலையைப் பிடிக்குள் அடங்கும் ஒரு கண்ணாடிக் குப்பி ஆற்றிற்று.

வீட்டுத் தோட்டத்தின் பெருமைக்கு ஓர் அம்மையாரை நினைவுகூர்தல் தகும். சிங்கப்பூரில் தஞ்சோங் பகாரில் வாழ்ந்த ஆக்னஸ் ஜோக்கிம் என்னும் ஆர்மீனியப் பெண்மணி, தம் வீட்டுத் தோட்டத்தில் இரு வாண்டா இனங்களைச் சேர்த்து ஒரு புதுச்செடியைப் பெற்றார். தாவரவியல் தோட்டத்து இயக்குநர் ஹென்றி ரிட்லி 1893இல் அதனை உலகுக்கு அறிவித்து, அம்மையாரின் பெயரையே சூட்டினார். நட்சனுக்கு முப்பது ஆண்டுகளுக்கு முன், குடுவையின்றி, அவ்விதை எப்படி முளைத்ததோ! அவர் உண்டாக்கியதன்று, காற்றிலும் வண்டிலும் தானே விளைந்தது என்று பிற்காலத்தில் ஐயுற்றோரும் உண்டு. ரிட்லி அருகிருந்து கண்டு எழுதியதை விட்டு, நெடுங்காலம் கழித்து எழுந்த ஐயத்தைப் பற்றிக்கொள்ள வேண்டியதில்லை என்பது என் கருத்து. 1981இல் அதுவே சிங்கப்பூரின் தேசிய மலராயிற்று. முழு வெயிலில், திறந்த வெளியில், ஒரு கொம்பைப் பற்றிக்கொண்டு அது பூக்கின்றது. ஆவி நிறைந்த 'அடுப்பு' அதற்கு என்றும் தேவைப்பட்டதில்லை.

காட்டுச் செடியைக் காப்பதற்குச் சட்டங்களும் வந்துள்ளன. 1973இல் கையெழுத்தாகி 1975இல் நடைமுறைக்கு வந்த அனைத்துலக உடன்படிக்கை ஆர்க்கிட் குடும்பம் முழுவதையும் தன் பட்டியல்களில் சேர்த்துள்ளது. இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 1991ஆம் ஆண்டுத் திருத்தம் நீல வாண்டாவையும் காலணி ஆர்க்கிடுகளையும் காக்கப்படும் செடிகளாக்கியது. ஏர்க்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறை 1963இல் அமைத்த ஆர்க்கிட் பண்ணையைச் சேர்வராயன் மலைக்குச் செல்வோர் கண்டு வருதல் நன்று. அங்குக் கண்ட ஆசையால் மலைமரத்திலிருந்து ஒன்றைப் பெயர்த்து வருவோரும் உளர். அது சட்டத்திற்கும் ஆகாது, செடிக்கும் ஆகாது. மலைக்குளிரில் வாழ்ந்தது சமவெளிக் கோடையில் தங்குவதில்லை. 1820களில் இலண்டனில் நிகழ்ந்ததே நம் வீட்டிலும் நிகழும், வெப்பத்தின் காரணம் மட்டுமே வேறு.

சமவெளியில் வளர்க்க விரும்புவோர், குடுவையில் பிறந்து நாற்றங்காலில் வளர்ந்த டென்ட்ரோபியம் கலப்பினம் ஒன்றை வாங்குவது எளிது. பக்கங்களிலும் துளையிட்ட மண்தொட்டியில் மரக்கரி, ஓட்டாஞ்சில், தேங்காய் மட்டைத் துண்டு ஆகியவற்றை நிரப்பி நடலாம், மண் கூடாது. காலை வெயில் நேராகவும் உச்சி வெயில் நிழல்வலை வழியாகவும் படும் இடமே ஏற்றது. மூடிய அறையைக் காட்டிலும் காற்று ஓடும் தாழ்வாரம் நன்று. கோடையில் சுற்றியுள்ள தரையில் நீர் தெளித்து வைத்தால் பாக்ஸ்டன் செய்ததையே நாமும் செய்தவராவோம். உரம் இடுவதாயின் மிக நீர்த்த கரைசலாக, செடி தளிர்க்கும் காலத்தில் மட்டும் இடுக. தண்ணீர் எப்பொழுது ஊற்றுவது என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. தொட்டிக்கு வெளியே தொங்கும் வேரைப் பாருங்கள். வெள்ளியாக இருந்தால் காலையில் நன்றாக ஊற்றலாம். பச்சையாக இருந்தால் நாளை வரையில் பொறுக்கலாம்.